பிரிக்காத உறை

ஜனவரி 19, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. வெள்ளை நிறம்.

ரேஷன் கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கடை பூட்டியிருந்தால் எங்கள் தெரு என்னைத் திட்டும். திறந்திருந்தாலும் திட்டும், அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஷோரூமில் வண்டிக்குச் சிவப்புத் துணி போர்த்தி மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். விற்பனைப் பிரிவில் இருக்கும் ஜெரால்டு, "மேடம், நீங்களே துணிய இழுங்க" என்றான். இழுத்தேன். கைதட்டினார்கள். கேக் வெட்டச் சொன்னார்கள். மகள் கயல் கோயம்புத்தூர் விடுதியிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டே, "அம்மா, கொஞ்சம் சிரியேன்" என்றாள். பல் தெரியச் சிரித்த போட்டோ ஒன்று இருக்கிறது. அதை சிங்கப்பூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறேன்.

மூன்று மாதம் ஆகும் என்று மார்கழியில் கைவிரித்தவர்கள், பொங்கல் முடிந்ததும் கூப்பிட்டு, சென்னையிலிருந்து ஒரே லோடில் ஐந்து வண்டி வந்திருக்கிறது, உங்களுக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம் என்றார்கள். "உங்க அதிர்ஷ்டம் மேடம்" என்றான் ஜெரால்டு. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, புவனேஸ்வரி கோயிலில் பூஜை போட்டு, நானே வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இரண்டாவது கியருக்கு மேல் போக மனம் வரவில்லை. ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போனார், திரும்பிப் பார்த்துக்கொண்டே.

இந்த வயதில் எதற்குக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அவர் ஒரேயடியாக ஊருக்கு வரப்போகிறார். போன தீபாவளிச் சமயத்தில் போனில், "போதும் தெய்வா, வந்துடணும்னு இருக்கு" என்றார். எப்போது என்று கேட்டேன். "சித்திரை வாக்குல பாப்போம்" என்றார். அடுத்த மாதமே கார் வாங்கப் பணம் வந்தது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

அவர் சிங்கப்பூர் போய் இருபது வருடம் ஆகப்போகிறது. போகும்போதும் வரும்போதும் வாடகை வண்டிதான். முதல் முறை திருச்சி ஏர்போர்ட்டில் ஏற்றிவிடப் போனபோது அம்பாசிடருக்குள் அத்தனை பேர். அவர் முன்னால், நான் பின்னால் மாமியாருக்கும் ஊறுகாய் டப்பாவுக்கும் நடுவில். அவர் லீவுக்குத் திரும்பி வரும்போதும் டிரைவர் இருப்பார், கொழுந்தனார் இருப்பார், பாட்டு ஓடும். மழை பெய்ததா, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசி முடிப்பதற்குள் வீடு வந்துவிடும். எங்கள் இரண்டு பேருக்கும் கூச்சம் போய்ப் பேச்சு வருவதற்குள் லீவு முடிந்துவிடும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பேசலாம்தான், காற்றுக்குத்தான் கேட்கும்.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒரு மணி நேரம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நான் ஓட்ட, அவர் பக்கத்தில் இருக்க, வேறு ஆளே இல்லாமல் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும்.

வண்டிக்குள் ஏதோ ஒரு வாடை அடிக்கிறது. புது வண்டி அப்படித்தான் இருக்கும் என்றான் ஜெரால்டு. எனக்கென்ன தெரியும், இதற்கு முன் நான் புது வண்டியில் உட்கார்ந்ததில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடும் நேரத்துக்கு வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டு வாசலில்தான் நிற்கிறது, இருந்தாலும் எங்கோ புறப்பட்ட மாதிரி இருந்தது.

"என்ன சரசரன்னு சத்தம் கேக்குது?" என்றார்.

"சீட்டுல பிளாஸ்டிக் உறைங்க. நான் பிரிச்சிரட்டுமா, இல்ல நீங்க வந்து பிரிக்கிறீகளா?"

"ஒன் இஷ்டம்."

ஒன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இந்த வீட்டில் எது வாங்கினாலும் உறை பிரிப்பது அவர்தான். டி.வி. வாங்கி ஒரு வருடம் கண்ணாடிமேல் ஒட்டிய தாளோடுதான் பார்த்தோம். எல்லாரும் கொஞ்சம் நீலமாகத் தெரிந்தார்கள். ஃபிரிட்ஜ், கிரைண்டர், பீரோ எல்லாம் அப்படித்தான். மெத்தை உறையோடு படுத்து முதுகெல்லாம் வேர்க்குரு வந்ததைக் கயல் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அவர் வந்து இறங்கிய மறுநாள் ஒரு முனையைப் பிடித்துச் சர்ரென்று இழுப்பார். நாங்கள் கைதட்டுவோம். அதற்குப் பிறகுதான் அது எங்கள் வீட்டுச் சாமான்.

வண்டிக்கு மட்டும் வேறு சட்டமா? பிரிக்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

கடையில் துவரம்பருப்பு வரவில்லை. பாமாயில் பாதிதான் வந்தது. வரிசையில் நின்றவர்களிடம் மாலைவரை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வண்டியின் வாடை போகவில்லை. வெயிலில் நின்றால் அதிகமாகிறது. குடோனில் நனைந்து காய்ந்த சாக்கு இப்படித்தான் நாறும். ஜெரால்டுக்குப் போன் செய்தேன். மல்லிகை வாசனை அட்டை ஒன்று வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிடச் சொன்னான். தொங்கவிட்டேன். இப்போது மல்லிகைப்பூ வைத்த சாக்கு.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் நார்த்தாமலைவரை ஓட்டிப் பழகினேன். மூன்றாவது கியர் கைவந்துவிட்டது. திரும்பும்போது இடது பக்கக் கண்ணாடி இறங்கியது, ஏறவில்லை. முன்விளக்குக்கு உள்ளே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திறக்கிறது. புத்தி மாறிவிட்டது போலிருக்கிறது.

அவர் கேட்டார், "வண்டி எப்பிடி ஓடுது?"

"பறக்குதுங்க" என்றேன்.

அவருக்கு எதற்கு இந்தக் கவலையெல்லாம். வருவதற்குள் சரிசெய்துவிட்டால் போயிற்று. சீட்டில் அசைந்து அந்தச் சரசரப்பைக் கேட்க வைத்தேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. திரையில் சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

சர்வீஸுக்கு விட்டேன். காத்திருக்கும் இடத்தில் அறந்தாங்கிக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார். பெயர் சேவுகன், உரக்கடை வைத்திருக்கிறார். அவருடையதும் அதே வெள்ளை வண்டி, அதே தை மாதம், அதே லோடு.

"ஒங்க வண்டி நாறுதாக்கா?" என்றுதான் ஆரம்பித்தார். கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கலாம்.

"இல்லையே" என்றேன்.

"என்னுது நாறுது. கார்த்திகையில மெட்ராஸ்ல புயல் அடிச்சுச்சுல்ல, இவனுக வண்டி நிறுத்தி வச்சிருந்த யார்டுல கழுத்து மட்டும் தண்ணி நின்னிருக்கு. என் மச்சினன் அங்கனதான் லாரி ஓட்டுறான், கண்ணால பாத்திருக்கான். முங்குன வண்டிகளக் கழுவித் தொடச்சு, புதுசா பிளாஸ்டிக் மாட்டி நம்ம தலையில கட்டிட்டானுக. அங்கன வித்தா கண்டுபிடிச்சிருவாகன்னுதான் நம்ம பக்கம் தள்ளிவிட்டிருக்கானுக. நாமதான் மழையே பாக்காத சனமாச்சே."

பிள்ளைகளை அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடத்தில் கொண்டு விடுகிறாராம், பிரேக் அடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறதாம்.

மார்ச் 13, புதன்

சேவுகன் சொன்னது உண்மையாக இருக்காது. கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது எப்படி இவ்வளவு பளபளவென்று இருக்கும்?

மார்ச் 15, வெள்ளி

இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று ஷோரூம் மேனேஜரைப் பார்த்தேன். என்னை உட்கார வைத்து, ஜூஸ் வரவழைத்து, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேடம், சீட் கவரையே நீங்க இன்னும் பிரிக்கல. இத்தன நாள் பிளாஸ்டிக்கோட வெயில்ல நிறுத்துனா உள்ள வேர்த்து, பூஞ்சை பிடிச்சு, அந்த ஈரம் வயருக்கெல்லாம் போகத்தான் செய்யும். இது கம்பெனித் தப்பு இல்ல. உங்க மிஸ்டேக்."

"யார்டுல தண்ணி நின்னுச்சாமே சார்?"

"யார் சொன்னா? எழுதிக் குடுக்கச் சொல்லுங்க பாப்போம்."

ஜூஸைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அரிசி நாறுகிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், மேலிருந்து அப்படித்தான் வருகிறது என்று நானும் சொல்வதுண்டு. ஆனால் அரிசி வாங்கினவரின் மூக்கில் கோளாறு என்று இதுவரை சொன்னதில்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

"சித்திரைக்கு ஆகாது போலருக்கு தெய்வா" என்றார். "இங்க ஒரு வேல இழுத்துக்கிட்டே கெடக்கு. ஆனி ஆகட்டுமே."

ஆனிதானே. வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும். சித்திரையில் வந்தால் அவருக்குக் கொப்புளம் கொப்புளமாக வரும். வண்டியைச் சரிபார்க்கவும் நேரம் கிடைத்தது. நல்லதுதான்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. தனியாளுக்கு எவ்வளவு செய்வது என்று தெரியாமல் நிறையச் செய்துவிட்டேன்.

மே 5, ஞாயிறு

சேவுகனும் மற்ற மூன்று வண்டிக்காரர்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஷோரூமில் ஒரு சமாதானம் சொல்கிறார்களாம். ஐந்து வண்டிக்கும் கூடுதலாக இரண்டு வருடம் வாரண்டி சேர்த்துத் தருவார்கள், யாரும் கேஸுக்குப் போகக் கூடாது.

"நாறுறதுக்கு ரெண்டு வருசம் கேரண்டி" என்றார் சேவுகன். "நாங்க நாலு பேரும் கன்ஸ்யூமர் கோர்ட்டுல மனுக் குடுக்கப் போறம். நீங்களும் கையெழுத்துப் போடணும். அது மட்டுமில்லக்கா, ஒங்க வண்டிதான் எங்களுக்கு வேணும்."

விஷயம் இதுதான். மற்ற நால்வரும் வாங்கிய அன்றைக்கே உறையைக் கிழித்து எறிந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கொட்டி, அதைக் கழுவி, சோப்புப் போட்டு, இப்போது அங்கே எந்தக் கறை யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஷோரூமில் எப்படி மாட்டினார்களோ அப்படியே உறையோடு இருப்பது என் வண்டி ஒன்றுதான். கோர்ட் அனுப்பும் ஆள் முன்னால் அதைப் பிரித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

"எங்க வீட்டுக்காரக ஆனியில வர்றாக தம்பி. அவுக வந்து பிரிக்கட்டும். அன்னைக்கு எல்லாரும் வாங்க, கோர்ட்டுக்காரகளையும் கூட்டிட்டு வாங்க."

"அதுக்குள்ள தேதி வந்துட்டா?"

"அவுக வந்துதான் பிரிக்கணும்."

சேவுகன் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவர் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறையைப் பற்றிப் பிடி கொடுக்கவில்லை. கேஸில் வண்டியைப் பிடித்து நிறுத்தி வைத்துவிட்டால் ஏர்போர்ட்டுக்கு எதில் போவேன்? நாறினாலும் பரவாயில்லை, எனக்கு அது அந்த ஒரு மணி நேரம் ஓடினால் போதும் என்று இவர்களிடம் சொல்ல முடியுமா?

மே 26, ஞாயிறு

அவர் இன்று கூப்பிடவில்லை. ஓவர்டைம் என்று மெசேஜ். வண்டிக்குள் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

அடைக்கலம் வந்திருந்தார். சிங்கப்பூரில் எங்கள் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் தங்கி வேலை பார்க்கிறவர், மகள் சடங்குக்காக வந்திருக்கிறார். அவர் கொடுத்துவிட்ட பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியைப் பார்த்தார்.

"இதுதானா அண்ணி அந்த வண்டி? சோக்கா இருக்கு."

"அவுக ஆனியில வந்துதான் ஓட்டணும். டிக்கெட் போட்டாச்சான்னு தெரியல."

"ஆனியா? அண்ணன்தான் கார்த்திகையிலயே கம்பெனியில ரெண்டு வருசத்துக்குச் சேத்துக் கையெழுத்துப் போட்டுட்டாகளே அண்ணி. அந்தப் போனஸ்லதானே இந்த வண்டிய..." என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னாக, சொன்னாக. எனக்குத்தான் மறந்துபோச்சு."

காபியில் சர்க்கரை போட மறந்திருக்கிறேன். ரேஷன் கடைக்காரி வீட்டிலேயே சர்க்கரைக்குப் பஞ்சமா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெட்டியில் கோடாலித் தைலம், பால் பவுடர், கயலுக்குக் கைப்பை, எனக்கு ஒரு ஜோடி செருப்பு. செருப்பு ஒரு அளவு சின்னது.

ஜூன் 10, திங்கள்

கோதுமை வந்தது.

ஜூன் 12, புதன்

கோர்ட்டிலிருந்து தேதி கொடுத்துவிட்டார்கள். பாலிடெக்னிக்கில் மோட்டார் வண்டிப் பாடம் எடுக்கும் வாத்தியார் ஒருவரைப் பார்வையிட அனுப்புகிறார்களாம். அடுத்த வாரம் வியாழக்கிழமை. சேவுகன் போனில் சொல்லிவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வண்டிக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றினேன். இடது பக்கம் ஏறவில்லை, அதனால் சத்தம் போடாமல் அழுதேன். கார்த்திகையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். சித்திரையில் வருவதாக நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தபோது அவருக்குத் தெரியும். இந்தச் சீட்டில் உட்கார்ந்து சரசரப்பைக் கேட்க வைத்தபோது தெரியும். ஆனி என்று சொன்னபோதும் தெரியும்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வருகிறது. ஆனால் கோபத்தைவிட, இப்போதே அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தேவலை என்றுதான் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

முகம் கழுவிவிட்டுச் சேவுகனைக் கூப்பிட்டு, வரச் சொல்லுங்கள் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

வாசலில் ஒரே கூட்டம். பாலிடெக்னிக் வாத்தியார், ஷோரூம் மேனேஜர், ஜெரால்டு, சேவுகன், மற்ற மூன்று பேர். எதிர்வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து வேடிக்கை.

மேனேஜர் முந்திக்கொண்டார். "சார், மொதல்லயே சொல்லிடறேன். அஞ்சு மாசமா கவர் பிரிக்கல. உள்ள பூஞ்சை இருந்தா அது கஸ்டமர் பண்ண தப்பு."

வாத்தியார் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இருங்க சார். நான் பிரிக்கிறேன்" என்றேன்.

ஓட்டுநர் சீட்டில் ஆரம்பித்தேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவர் இழுக்கும்போது அப்படித்தான் வரும். எனக்கு வரவில்லை. அடியில் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டி, குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிழிந்தது. யாரும் கைதட்டவில்லை.

மேல்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது, அங்கங்கே கறுப்புப் புள்ளி. "பாத்தீங்களா, பூஞ்சை" என்றார் மேனேஜர். பின்சீட்டு உறையையும் உருவினேன். சீட்டின் அடியில், கொக்கி மாட்டும் இடத்தில் இன்னொரு பிளாஸ்டிக் துண்டு சிக்கியிருந்தது. வேறு மாதிரி பிளாஸ்டிக். வாத்தியார் டார்ச் அடித்து, அது தொழிற்சாலையில் போட்ட முதல் உறை, அதைக் கிழித்தெடுத்துவிட்டு மேலே வேறு மாட்டியிருக்கிறார்கள் என்றார். அந்தத் துண்டு முழுக்கச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. சேற்றோடு ஒரு பொடி நத்தை, ஓட்டோடு.

தெருவே எட்டிப் பார்த்தது.

"ரொம்ப நாள் மூடி வச்சா இப்பிடி..." என்று இழுத்தார் மேனேஜர்.

"பிளாஸ்டிக் வேர்க்கும் சார். நத்தை கூடவா வேர்க்கும்?" என்றேன்.

சேவுகன் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஜெரால்டு தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் வந்து, "எனக்குத் தெரியாது மேடம், சத்தியமா" என்றான். இருக்கலாம். அவனும் மேலிருந்து வந்ததைத்தான் விற்றிருப்பான்.

எல்லாரும் போன பிறகு கிழிந்த உறைகளை அள்ளிக் குப்பையில் போட்டேன். வண்டியைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒன்றும் எழுதவில்லை, வெறும் போட்டோ.

ஜூன் 23, ஞாயிறு

கூப்பிட்டார். வண்டிக்குள் உட்கார்ந்துதான் எடுத்தேன், இப்போது சரசரப்பு இல்லை.

"பிரிச்சிட்ட" என்றார்.

"பிரிச்சிட்டேன். உள்ள சேறு."

வண்டிக் கதையை ஆதியிலிருந்து சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "அடைக்கலம் ஏதும் சொன்னானா?" என்றார் கடைசியில்.

"சொன்னாரு."

"ரெண்டு வருசந்தான் தெய்வா. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள..."

"ஷோரூம்லயும் ரெண்டு வருசம்தான் சேத்துக் குடுக்கறேன்னு சொன்னாக. நான் வேண்டாம்னுட்டேன்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முகம் திரையில் மிகப் பக்கத்தில் இருந்தது. நரை கூடியிருக்கிறது.

"பயமா இருக்கு" என்றார்.

"எதுக்கு?"

"அங்க வந்து இருக்கறதுக்கு. ஒவ்வொரு தடவையும் தெறப்பு விழாவுக்கு வர்ற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் உறை போட்டு மூடி வச்சிருக்கீங்க. நான் வந்து கிழிக்கிறேன், கைதட்டுறீங்க. மந்திரி மாதிரி. லீவு முடிஞ்சா பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்பிர்றேன். தெறந்து வச்சவன் அங்கயே தங்கிட்டா என்ன பண்ணுவான் சொல்லு? எனக்கு அந்த வீட்டுல பின்கட்டு லைட்டு சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியாது. போன தடவ இருட்டுல தடவித் தடவிப் பாத்துட்டு, ஒன்னைய எழுப்பக் கூச்சப்பட்டு வந்து படுத்துட்டேன்."

அவருக்குப் பிடிக்கும் என்றுதான் இத்தனை வருடமும் எதையும் தொடாமல் வைத்திருந்தேன். பிடிக்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது யோசித்தால் அதுவும் நினைவு வருகிறது.

"சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சந்தோசமா கைதட்டுவ. எப்பிடிச் சொல்ல?"

அவர் கண்ணைத் துடைப்பதை முதல் முறையாகப் பார்த்தேன்.

"ஷோரூம்காரன்கிட்ட புது வண்டிதான் வேணும்னு அடம்பிடிச்சுக் கேட்டிருக்கேன்" என்றேன். "ஒங்ககிட்ட அப்பிடிக் கேக்க மாட்டேன். இருக்கற மாதிரி வாங்க. பயத்தோடயே வாங்க."

"ம்" என்றார். அப்புறம், "சுவிட்ச் எங்க இருக்கு?"

"கதவுக்குப் பின்னால."

"அங்க எவன் வச்சான்?"

"நீங்க அனுப்புன பணத்துல வீடு கட்டுன கொத்தனாரு."

ஆகஸ்ட் 30, வெள்ளி

வாத்தியாரின் அறிக்கை போனதும் ஷோரூம் இறங்கி வந்துவிட்டது. ஐந்து பேருக்கும் வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். சேவுகன் தன் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். சட்டையெல்லாம் அழுக்கு.

இந்த முறை சிவப்புத் துணி, கேக் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எலுமிச்சம்பழம் மட்டும். ஜெரால்டு சாவியைக் கொடுத்துவிட்டு, "சீட் கவர் இருக்கட்டுமா மேடம்?" என்றான்.

அங்கேயே நின்று, அத்தனை சீட்டிலிருந்தும் உருவி அவன் கையில் கொடுத்தேன். இந்த முறை சர்ரென்று வந்தது.

வீட்டுக்கு வந்த வேகத்தில் ஏ.சி. ரிமோட், மிக்சி, புது நாற்காலி என்று மிச்சமிருந்த உறையெல்லாம் கிழித்துப் போட்டேன். கயல் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

வண்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. துடைத்தும் லேசாக மஞ்சள் தெரிகிறது.

அவர் வாராவாரம் ஒரு சுவிட்ச் கேட்கிறார். இன்று தண்ணீர் மோட்டார் சுவிட்ச். "வந்து தேடுங்க" என்றேன்.

அக்டோபர் 26, சனி

தீபாவளிக்கு வந்திருக்கிறார். லீவில்தான். இரண்டு வருடத்தை ஒன்றாகக் குறைக்க முடியுமா என்று அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறாராம். முடியுமா, முடியாதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லுவார், நானும் நம்பிவிடுவேன்.

திருச்சி ஏர்போர்ட்டில் தள்ளுவண்டியோடு வெளியே வந்தவர் என்னைத் தாண்டிப் பின்னால் தேடினார்.

"யாரு வந்திருக்கா?"

"நான்தான்."

"டிரைவரு?"

"அதுவும் நான்தான்."

வண்டியை வேண்டுமென்றேதான் கழுவாமல் கொண்டு போயிருந்தேன். முன்கதவைத் திறந்தவர் சீட்டில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையால் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடிகளை ஏற்றினேன். நான்கும் ஏறின. எத்தனையோ வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு. எதிலிருந்து தொடங்குவது என்று நேற்றிலிருந்தே யோசித்து வைத்திருந்தேன். முதலில் மாமியார் கடைசி நாளில் சொன்னது, அப்புறம் கயல் பிறந்த அன்றைக்கு நடந்தது, அப்புறம் அந்தச் சின்னச் செருப்பு. மாத்தூர் வந்தபோது அவர் ஏ.சி. பட்டனைத் தேடினார். நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ஒரு முறை வைப்பரை ஓட விட்டு, கடைசியில் அவரே கண்டுபிடித்தார்.

"என்னங்க" என்று ஆரம்பித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டார். வாடகை வண்டிகளில் அவர் தூங்கியதே இல்லை. விறைப்பாக உட்கார்ந்துகொண்டு மழை பெய்ததா என்று கேட்டுக்கொண்டே வருவார். இப்போது வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை என் பக்கமாகச் சரிந்திருந்தது. ஒரு கை சாம்பார்க் கறைமேல் கிடந்தது.

எழுப்பவில்லை. கீரனூர் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தார். ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன். அதற்குப் பின்னால் வந்த லாரிக்கும் விட்டேன். ஊரை நெருங்கும்போது ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார், திரும்பிப் பார்த்துக்கொண்டே. இரண்டாவது கியரிலேயே வீடு வந்து சேர்ந்தோம்.